ஏழு அணைகளின் நோட்டு

போன மாதம் மார்த்தாண்டத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது, சித்தப்பா என்னைப் பந்தலின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். “மக்களே, தம்பியைப் பார்த்தேன். ஆள் எவ்வளவோ மாறியிருக்கிறான். கேட்டதற்குப் பதில் சொல்கிறான், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். தினமும் அணைகளின் நீர்மட்டம் எழுதுகிற அந்த நோட்டை மட்டும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து நிறுத்திவிட்டால் முழுதாகச் சரியாகிவிடுவான்” என்றார். சித்தப்பா அன்பில்லாதவர் இல்லை. தம்பிக்கு நான்கு வயதாக இருந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் அலறி உருண்ட அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்தவர் அவர்தான். அதனாலேயே என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. “பார்க்கலாம் சித்தப்பா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாகர்கோவில் பஸ் தக்கலையைத் தாண்டும்போதே அந்தப் “பார்க்கலாம்” நெஞ்சில் உறுத்தத் தொடங்கிவிட்டது. தம்பி எனக்கு முன் இருக்கையில், ஜன்னல் ஓரத்தில், மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். அவனை வைத்துக்கொண்டே அவனுடைய மிகப் பெரிய சொத்தைப் பற்றிப் “பார்க்கலாம்” என்று சொல்லியிருக்கிறேன். அன்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பிக்கு இப்போது முப்பத்தைந்து வயது. எனக்கு ஆறு வயது இளையவன். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் வீட்டில் அப்பா அம்மாவோடு இருக்கிறான். எட்டு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். தமிழில் ‘மதியிறுக்கம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. அவனுடைய மதியில் இறுக்கம் எதையும் நான் பார்த்ததில்லை. உலகம்தான் அவனை நாலாபக்கமும் இறுக்குகிறது. அதனால் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

அவனுடைய காலையைச் சொல்ல வேண்டும். ஐந்தரைக்கு எழுந்திருப்பான். அப்பா அதற்கு ஒரு மணி நேரம் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருப்பார். முகம் கழுவிவிட்டு அடுக்களையில் அதே முக்காலியில் உட்கார்ந்து, விளிம்பில் பச்சைக் கோடு போட்ட அதே கண்ணாடி டம்ளரில் சாயா குடிப்பான். ஆறேகாலுக்குப் பேப்பர் வரும். முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டான். உள்ளே, மாவட்டச் செய்திகளுக்கு நடுவில் அணைகளின் நீர்மட்டம் இருக்கும் இடத்துக்கு நேராகப் போவான். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல். வரிசை மாறாது. எந்த அணைக்கு எது முழு அளவு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்குமே மனப்பாடம்: பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77, சிற்றாறுகள் இரண்டும் 18, பொய்கை 42.65, மாம்பழத்துறையாறு 54.12, முக்கடல் 25. சின்ன வயதில் பட்டியல் இதைவிடச் சிறியது. பின்னால் கட்டிய அணைகள் ஒவ்வொன்றாகப் பேப்பரில் சேர்ந்தபோது, புதிய பெயரை நோட்டுக்குள் விடுவதா என்று நாட்கணக்கில் யோசித்துத்தான் விட்டான்.

எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். முதல் வரியில் தேதி. அடுத்த ஏழு வரிகளில் ஏழு அணைகள். ஒரு வரி இடைவெளி. பக்கத்துக்கு இருபத்தேழு வரி, ஆகவே பக்கத்துக்கு மூன்று நாள். எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் புள்ளிக்குப் புள்ளி நேராக இருக்கும்படி எழுதுவான். அந்தத் தசமப் புள்ளியை வைப்பதற்கு முன் மூச்சை நிறுத்திக்கொள்வான். பேனா முனையைத் தாளில் ஊன்றி, நூலளவு திருப்பி, நேராக மேலே எடுப்பான். மை கசிந்து புள்ளி பெரிதாகிவிட்டால் அந்தப் பக்கம் போயிற்று. தாளைக் கிழித்து, மூன்று நாளையும் முதலிலிருந்து எழுதுவான். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து மை பரவும். ஒரே பக்கத்தை நான்கு முறை எழுதி, புட்டு ஆறி, பப்படம் நமுத்துப்போன காலைகள் உண்டு. அந்தக் காலைகளில் அவன் முகத்தில் சந்தோஷம் இருக்காது. சரியாக எழுதுவதில் அவனுக்கு இன்பம் மட்டும்தான் என்று நான் சொன்னால் அது பொய். வலியும் உண்டு. நாம் ஒரு பிழையைப் பார்த்தால் பிழை மட்டும்தான் தெரிகிறது. அவனுக்கோ ஒரு புள்ளி கசிந்தால், மற்ற எண்களும் சரிதானா என்ற சந்தேகம் பக்கம் முழுவதும் பரவிவிடுகிறது. அப்படித்தான் இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குத் தோன்றுகிறது.

பத்து மணிக்கு மேல் ரப்பர் வேலை. அப்பா வாளியில் கொண்டுவரும் பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, அலுமினியத் தட்டங்களில் ஊற்றி, நீர்த்த ஃபார்மிக் ஆசிட் கலந்து உறைய வைப்பது அவன் பொறுப்பு. நுரையை வழித்து எடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நுரை நின்றால் ஷீட்டில் குமிழி விழும், குமிழியும் தூசியும் விழுந்தால் கடையில் தரம் குறைத்து எடுப்பார்கள். மறுநாள் உறைந்த பாலை ரோலரில் கொடுத்து ஷீட் அடிப்பான். முதலில் வழுவழுப்பான உருளை, பிறகு வரி போட்ட உருளை. அவன் அடித்த ஷீட்டுகளைக் கொடியில் போட்டால் கீழ் விளிம்பு கோடு போட்டதுபோல ஒரே மட்டத்தில் நிற்கும். ஊரில் பலரும் அதைப் பார்த்துவிட்டு, “சுத்தமான வேலை” என்பார்கள். அதே ஆட்கள் நோட்டைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ஒரே கை, ஒரே கண், ஒரே கவனம். ஒன்றுக்கு விலை கிடைக்கிறது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. வேறு என்ன வித்தியாசம் என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

பதின்மூன்று நாட்கள்

சித்தப்பா சொன்னதை நாங்கள் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறோம். தம்பிக்கு அப்போது பதினோரு வயது. அவனைக் கொண்டுபோய்க் காட்டிய ஓர் இடத்தில், “ஒரே விஷயத்தில் கிடந்தால் மற்றது எதையும் கற்றுக்கொள்ள மாட்டான். அதை எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் அழுவான், அப்புறம் சரியாகிவிடும்” என்றார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று நம்பினோம். நோட்டை அம்மா அரிசிப் பெட்டிக்குள் வைத்தார். ஒளித்து வைக்கலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. எனக்குப் பதினேழு வயது. என் தோழிகள் வீட்டுக்கு வரும்போது அவன் எண்களைச் சொல்லிக்கொண்டு பின்னால் வருவது எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் இரண்டு நாள் வீடெல்லாம் தேடினான். பிறகு தேடுவதை நிறுத்தினான். சாப்பாடு குறைந்தது, இரவில் தூக்கம் போயிற்று, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பான். ஆனால் அழுகை குறைந்தது. அழுகை குறைந்ததைப் பார்த்து, சரியாகிக்கொண்டு வருகிறான் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். பதின்மூன்றாம் நாள் கிணற்றடியில் அம்மா அவனுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது முழுக்கைச் சட்டையைக் கழற்றினார். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை, நீல மையில், எறும்பு வரிசைபோல எண்கள். விடிவதற்குள் சாயாக்கடை வரை நடந்துபோய், அங்கே தொங்கும் பேப்பரைப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். வேர்வையில் அழிந்தவற்றின் மேல் மறுபடி எழுதியிருக்கிறான். தண்ணீரை ஊற்றப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையோடு போய் அரிசிப் பெட்டியைத் திறந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்ததில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்த அம்மா, யாரும் சொல்லித் தராமலே ஒரு காரியம் செய்தார். என் பழைய சிலேட்டு ஒன்றை அடுக்களை வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். மறுநாள் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடக்கப் போகிறது என்றால் முந்தின இரவே அதில் எழுதிவிடுவார். “நாளை 9 மணி: பல் டாக்டர். 11 மணி: வீடு.” “நாளை விருந்து. மாமி, மாமா. மாலை 5 வரை.” அவன் படுக்கப் போகுமுன் மூன்று முறை வாசிப்பான். மாற்றமே கூடாது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமல் வருகிற மாற்றத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைப் புரிந்துகொள்ள எங்களுக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது.

ஒரே வாய்க்காலில் போகும் தண்ணீர்

பிற்பாடு நான் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி, எட்டு ஆண், மூன்று பெண், ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்று இன்று சொல்வதை முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களில் அவர் ஒருவர். எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்ற தவிப்பை அவர் அன்றே அடையாளம் கண்டிருந்தார். ஆனால் அது ஏன் என்ற கேள்விக்கு வெகுகாலம் பதில் வரவில்லை. நோயின் குறி என்று எழுதி வைத்துவிட்டு, குறியை அழிக்கும் வழியைத் தேடினார்கள்.

எனக்குப் பிடிபட்ட விளக்கங்கள் இரண்டு. ஒன்று, 2014-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பவன் சின்ஹாவும் அவருடைய குழுவினரும் முன்வைத்தது. நம் மூளை ஒவ்வொரு கணமும் அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. மாடிப்படியில் கால் வைக்கும்போது அடுத்த படி எங்கே என்று நாம் யோசிப்பதில்லை, கால் தானாக இறங்குகிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த ஊகிக்கும் வேலை வேறுவிதமாக நடக்கலாம், அதனால் உலகம் எப்போதும் திடீர் திடீரென்று வருவதுபோலத் தோன்றலாம் என்பது அவர்களின் கருத்து. முடிந்த முடிவு இல்லை, ஒரு கருதுகோள்தான். ஆனாலும் என் தம்பியைப் பார்த்து வளர்ந்தவள் என்ற முறையில், அதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு படியும் இருட்டில் இருக்கும் ஒருவன், தெரிந்த படியில் மட்டும் கால் வைக்க ஆசைப்படுவதை எப்படிப் பிடிவாதம் என்று சொல்வது?

இன்னொன்று 2005-இல் டைனா மரே, வென் லாசன், மைக் லெசர் ஆகியோர் எழுதியது. கவனம் என்பது அளவுள்ள ஒரு பொருள். பெரும்பாலானவர்கள் அதைப் பல விஷயங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் ஓரிரு விஷயங்களுக்குள் முழு வேகத்தில் பாய்கிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் திறந்துவிடும் தண்ணீர் பிரிந்து தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், புத்தனாறு, பட்டணங்கால் என்று போகிறது. எல்லா இடத்துக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். அத்தனையையும் அடைத்து ஒரே வாய்க்காலில் விட்டால்? அந்த ஒரு வாய்க்கால் கரை தளும்ப ஓடும். அதன் ஓரத்தில் இருக்கும் வயல் பொன்னாக விளையும். மற்ற வயல்கள் காத்திருக்கும். ஓடுகிற தண்ணீரை நடுவில் சட்டென்று மறித்தால் கரை உடையும். எங்கள் வீட்டில் பதின்மூன்று நாள் உடைந்தது அந்தக் கரைதான்.

அந்த வாய்க்காலின் கரையில் வந்து நின்றவர்களுக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தது என்பதும், அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதும் எனக்குத் தம்பி சொல்லித்தான் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை அவனும் நானும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போவோம். பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில் பட்டணங்கால் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகும் பாலம். தூண்கள் இருபத்தெட்டு. போகும்போது எண்ணுவான், வரும்போது எண்ணுவான். “இருபத்தெட்டு” என்று என்னைப் பார்த்துச் சொல்வான். கண்ணுக்குக் கண் பார்க்காதவன், அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது மட்டும் பார்ப்பான். தனக்குள்ளேயே அடைந்து கிடப்பதற்காக அணைகளைப் பிடித்துக்கொண்டான் என்று யாராவது சொன்னால், என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அணைகள் வழியாகத்தான் அவன் எங்களிடம் வந்தான்.

எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு ரயில், சிலருக்கு ஒரே நிறத் துணிகள், சிலருக்குப் பேச்சே இல்லாமல் ஒரு கயிற்றைச் சுழற்றுவது. எண்களில் திறமை இருந்தால்தான் மதிப்பு என்று ஆகிவிடக் கூடாது. என் தம்பியின் நோட்டால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அது அவனுக்கு வேண்டும், அது போதும்.

ஒக்கி

இதையெல்லாம் வாசித்துத் தெரிந்துகொண்ட பிறகும்கூட, புரிந்தது என்று நான் சொல்லக்கூடியது ஒரு விடியற்காலையில்தான். 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை, ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அந்தத் துக்கத்துக்கு முன்னால் எங்களுடையது ஒன்றுமே இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நாகர்கோவிலில் என் வீட்டில் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, போனில் சத்தம் இல்லை. ஒவ்வொரு முறை அறைக்குள் நுழையும்போதும் என் கை தானாக ஸ்விட்சுக்குப் போனது. மின்சாரம் இல்லை என்று தெரியும், ஆனாலும் போனது. மூன்றாம் நாள், டார்ச்சை வைத்த இடத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்ததற்காக என் கணவரிடம் கத்தினேன். கத்திவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். எப்போது மின்சாரம் வரும் என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டோம். யாருக்கும் தெரியாது என்பது தெரிந்தும் கேட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை, பாதி வழி பஸ்ஸிலும் பாதி வழி நடந்துமாகக் குலசேகரம் போய்ச் சேர்ந்தேன். ரோட்டில் மரங்களை அறுத்து ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். எங்கள் மரங்களில் நூறு போல விழுந்திருந்தன. வீட்டுக்குள் தம்பி சிலேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான்கு நாளாகப் பேப்பர் இல்லை. சாக்பீஸை அம்மாவிடம் நீட்டி, “எழுது” என்றான். நாளைக்கு என்ன என்று எழுதச் சொல்கிறான். அம்மா வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பேப்பர் வரும் என்று எழுதினால் ஆறுதலாக இருக்கும், ஆனால் வராவிட்டால் சிலேட்டும் பொய் சொல்லும் என்று ஆகிவிடும். கடைசியில் “தெரியாது” என்று எழுதினார். தம்பி மூன்று முறை வாசித்தான். பிறகு கேட்டான்: “எப்போது தெரியும்?”

அன்று இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. விடிய இன்னும் நேரம் இருக்கும்போது கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா. தலையில் விளக்கு, கையில் வெட்டுக்கத்தி, இடுப்பில் ஒட்டுப்பால் கூடை. பின்னாலேயே போனேன். விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவில், நாற்பது வருடமாக நடந்த அதே தடத்தில் நடக்க முயன்றுகொண்டிருந்தார். தடம் இல்லை. ஒரு மரத்தைச் சுற்றிப் போவார், அடுத்தது குறுக்கே கிடக்கும், ஏறிக் கடப்பார். முறிந்த இடங்களிலெல்லாம் பால் வடிந்து, ஏந்த ஒரு சிரட்டை இல்லாமல், பட்டையிலும் மண்ணிலும் வெள்ளையாக உறைந்து கிடந்தது. சாய்ந்தும் சாயாமலும் நின்ற ஒரு மரத்தின் முன் நின்று, பழைய வெட்டின் சரிவில் கத்தியை வைத்தார். வெட்டவில்லை. தினமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பட்டையைச் சீவுகிற கை. ஆழம் கூடினால் மரம் கெடும், குறைந்தால் பால் வராது. ஒருநாளும் தவறாத கை. அந்தக் கை கத்தியை வைத்தபடியே நின்றது.

திரும்பிப் பார்த்தேன். வீட்டுத் திண்ணையில் தம்பி, பேப்பர் வந்து விழும் இடத்துக்கு நேராக, மடியில் நோட்டும் கையில் மூடி திறந்த பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். எதிரே இருட்டுக்குள் அப்பாவின் தலைவிளக்கு. அப்பாவை யாரும் பிடிவாதக்காரர் என்று சொல்லவில்லை. அந்த வாரம் ஊரில் பலர் அப்படித்தான் இருந்தார்கள். கடை எரிந்தவன்போல வாழைத்தோட்டத்தில் நின்றவர்கள், விறகடுப்பைப் பற்ற வைத்தும் பழகிய நேரத்தில் கேஸ் அடுப்பின் முன்னால் போய் நின்ற பெண்கள், ஸ்விட்சைத் தேடிய நான். நாளைக்கு என்ன என்பது தெரியாமல் போனதும், நாங்கள் எல்லோரும் கைக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். எங்களுக்கு அது சில நாட்கள். மின்சாரம் வந்தது, மறந்துவிட்டோம். தம்பிக்குச் சந்தைக்குப் போவதும், விருந்தாளி வருவதும், குக்கர் விசில் அடிப்பதும் அந்தக் காலையைப் போன்றதுதான் என்றால், முப்பது வருடமாக அவன் தினமும் எழுந்து முகம் கழுவி முக்காலியில் வந்து உட்காருவதே எவ்வளவு பெரிய தைரியம்.

செவ்வாய்க்கிழமை பேப்பர் வந்தது. ஆனால் அவன் எழுத மறுத்துவிட்டான். இடையில் ஐந்து நாள் விட்டுப்போயிருக்கிறது, அதைத் தாண்டி ஆறாம் நாளை எழுத முடியாது. “மழை பெய்திருக்கிறது, தண்ணீர் கூடியிருக்கும், தோராயமாகப் போட்டுவிடேன்” என்றேன். அத்தனையும் பார்த்த பிறகும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. “தெரியாததை எழுதக் கூடாது அக்கா” என்றான். நாகர்கோவிலுக்குத் திரும்பி, தெரிந்தவர்கள் வீடு, கடை என்று நான்கு நாள் அலைந்து ஐந்து நாள் பேப்பரையும் சேர்த்தேன். நான்கில் நீர்மட்டம் இருந்தது. ஒன்றில் இல்லை. கடலில் காணாமல் போனவர்களைப் பற்றிய செய்திகள் பக்கத்தை நிறைத்திருந்தன. தம்பி அந்தப் பக்கத்தை முழுவதும் வாசித்தான். பிறகு தேதி எழுதி, ஏழு அணைகளின் பெயரை வரிசையாக எழுதி, எண்களுக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போனான். அந்த வெற்றிடம் இன்றும் அப்படியே இருக்கிறது. பிற்பாடு எங்கிருந்தோ எண்கள் கிடைக்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். “அன்றைக்குத் தெரியாது” என்றான்.

கேனர் எழுதிய பதினொரு பேரில் முதல் பிள்ளை டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில், உள்ளூர் வங்கியில் வேலை பார்த்து, கால்ஃப் விளையாடி, எண்பத்தொன்பது வயதுவரை வாழ்ந்து 2023-இல் மறைந்தார். ஊர்க்காரர்கள் அவரை மாற்றப் பார்க்கவில்லை, அவர் இருந்தபடியே தங்களில் ஒருவராக வைத்துக்கொண்டார்கள். அவரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் வயது ஞாபகம் வருகிறது. அறுபத்தெட்டு. அம்மாவுக்கு அறுபத்து நான்கு.

கல்யாணத்துக்கு மறு வாரம் தக்கலையில் நாங்கள் வழக்கமாக நோட்டு வாங்கும் கடைக்குப் போனேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம், நீல அட்டை, இருபத்தேழு வரி. அந்த அட்டையில் இனி வராது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். கையில் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். உள்ளே போய்த் தூசி தட்டிக்கொண்டு ஒன்பது எடுத்து வந்தார். ஒன்பதையும் வாங்கினேன். வீட்டில் கொடுத்தபோது தம்பி ஒவ்வொன்றாக வரிகளை எண்ணிப் பார்த்தான். பிறகு பழைய தாள் ஒன்றில் பெருக்கிப் போட்டான். பக்கத்துக்கு மூன்று நாள். “5,184 நாள்” என்றான். பதினான்கு வருடத்துக்கு மேல். அம்மா ஒன்றும் சொல்லாமல் நோட்டுகளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

அன்று இரவே சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். நோட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒருநாள் காலை ஆறு மணிக்கு வந்து தம்பியோடு ஒரு மணி நேரம் உட்கார முடியுமா என்று மட்டும் கேட்டேன். வருகிறேன் மக்களே என்றார். அம்மா சிலேட்டில் எழுதினார்: “ஞாயிறு காலை 6 மணி: சித்தப்பா வருவார். 7 மணி: போவார்.” தம்பி மூன்று முறை வாசித்தான். சாக்பீஸை வாங்கி, கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தான்: “பேப்பர் பார்த்த பிறகு பேசலாம்.”